பூஜ்யத்தை ‘நார்மல்’ என்று எழுதினேன்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் துறைத்தலைவி ஃபோன் செய்து, "உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், புதுசா வந்தவங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். உற்சாகம் தரும் விஷயம் என்னிடம் இல்லை. கோபம்தான் இருக்கிறது. போன வாரம் தஞ்சாவூர் பழைய பஸ் நிலையத்தில் ஒருவர் என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார். ஒரு குழாய் இரத்தம் கொடுத்தால் போதுமாம். உடம்பில் எங்கே புற்றுநோய் இருந்தாலும் தெரிந்துவிடுமாம். ‘நார்மல்’ என்று வந்தால் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கலாமாம். பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வேறு. நின்ற இடத்திலேயே அதைக் கிழித்தேன்.

"ஏன் பெரியவரே, வேணாம்னா திருப்பிக் குடுக்கலாம்ல" என்றார் அவர்.

அவர் கேட்டது நியாயம். அந்த நோட்டீஸை அச்சடித்தவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பஸ் புறப்படும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதே பச்சை டிக்கை என் கையால் ஒரு மனிதருக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். அவர் இப்போது உயிரோடு இல்லை.

நான் மருத்துவன் இல்லை. உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். தஞ்சாவூரில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் மாடியில் இருந்த ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் அதற்குத் தலைவன். எங்கள் வேலை சர்க்கரையில். இரத்தம் கொடுக்க வருகிறவர்கள், "எனக்குத்தான் சுகர் இல்லையே, போன மாசம்தானே பாத்தேன்" என்பார்கள். இது அந்தச் சர்க்கரை இல்லை. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் மேலும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. பெருங்குடலில் புற்று பிடிக்கும்போது அந்தச் சங்கிலிகளின் அமைப்பு மாறுகிறது. மாறியவற்றில் சில இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை அளந்தால், குடலுக்குள் நடப்பதை வெளியிலிருந்தே தெரிந்துகொள்ள முடியாதா? உலகம் முழுவதும் பலர் கேட்கும் கேள்வி இது. நல்ல கேள்வி. இன்றும் அதை மதிக்கிறேன். நீங்களும் அதில்தான் இறங்கப் போகிறீர்கள்.

நாங்கள் அளந்தது அப்படி ஒரு சங்கிலி. திருவாரூர், ஒரத்தநாடு, நாகூர் என்று சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து, பெருங்குடல் புற்று உறுதியானவர்களின் இரத்தமும் நோயில்லாதவர்களின் இரத்தமும் சேர்த்தோம். வரைபடம் போட்டபோது நோயாளிகளின் புள்ளிகள் மேலேயும் மற்றவர்களுடையவை கீழேயும் அழகாகப் பிரிந்து நின்றன, ஒன்பது புள்ளிகளைத் தவிர. அந்த ஒன்பதும் நோய் உறுதியானவர்களுடையவை. ஆனால் அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது. பூஜ்யம். மறுபடியும் சோதித்தோம். மறுபடியும் பூஜ்யம்.

எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர் இருந்தார். "படம் சுத்தமா இருக்கணும்யா. பாக்கிறவன் கண்ணு ஒரு எடத்துல நின்னுச்சுன்னா, கேள்வி கேப்பான்" என்பார். அவரைக் காரணம் காட்டித் தப்பிக்கப் போவதில்லை. பேனா என் கையில் இருந்தது. அந்த ஒன்பது எண்களுக்கும் பக்கத்தில் ‘மாதிரி கெட்டுவிட்டது’ என்று எழுதி நீக்கினேன். படம் சுத்தமானது. சுவரில் இருந்த பழைய படத்தை எடுத்துவிட்டு, அதைப் பெரிதாக அச்செடுத்து ஒட்டினேன்.

கீழ்த்தளத்தில் இரத்த வங்கி. எங்கள் கதவிலிருந்து இருபத்திரண்டு படிகள் இறங்க வேண்டும். அதன் பொறுப்பாளர் ஞானசெல்வி. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு பாடிவிட்டு நேராக டூட்டிக்கு வருபவர். என்னைவிட வயதில் இளையவர், பட்டத்திலும் குறைந்தவர். அன்று எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. ஒரு நாள் ஐஸ் வாங்க மேலே வந்தவர், சுவரில் இருந்த படத்தின் முன் நின்றுவிட்டார்.

"போன வாரம் இங்க அடியில கொஞ்சம் புள்ளி இருந்துச்சே சார்?"

"அது ஸாம்பிள் கெட்டுப்போச்சும்மா."

"ஒம்பதுமா? கெட்டுப்போனா ஒண்ணு கூடும், ஒண்ணு கொறையும். ஒம்பதும் சொல்லி வச்ச மாதிரி ஜீரோவுல நிக்குமா?"

நான் மேசையில் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"இந்தச் சர்க்கரை எங்க லூயிஸ் குரூப்புக்குச் சொந்தக்காரச் சர்க்கரைதானே சார்? ஏ, பி, ஓ மாதிரி அதுவும் ஒரு ரத்த வகை. சில பேரு ஒடம்பு அதச் செய்யவே செய்யாது. பொறப்புலயே அப்படி. லூயிஸ் நெகட்டிவ்னு எழுதுவோம். அவங்களுக்குக் கேன்சர் வந்தாலும் உங்க மிஷினுக்குத் தெரியாது. உறைய வச்ச ரத்தத்துல வகை பாக்க முடியாது. அந்த ஒம்பது பேரையும் கூப்பிட்டுப் புதுசா ரெண்டு சொட்டு ரத்தம் வாங்கிக் குடுங்க. அர நாள்ல பாத்துச் சொல்லிர்றேன்."

"சம்பா நடவு நடக்குது. இப்பக் கூப்பிட்டா எவன் வருவான்?"

"நானே வீடு வீடாப் போயி எடுத்துட்டு வரேன் சார்."

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க கீழ போயி ரத்தப் பைய எண்ணுங்கம்மா. ஆராய்ச்சிய நாங்க பாத்துக்கிறோம்."

என் மாணவர்களில் இருவர் சிரித்தார்கள். ஞானசெல்வி ஐஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்று இறங்கிப் போனார். அந்த ஒன்பது இல்லாமலே கட்டுரை அச்சானது. கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தெரியாமல் செய்த தவறு என்று யாராவது எனக்காகப் பரிந்து பேச வந்தால் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. லூயிஸ் வகை பற்றிப் பாடநூலில் இருக்கிறது. நானே அதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொண்டேன், ஒரு படம் அழகாக இருப்பதற்காக.

இனி யூசுப் பாய்.

நாகூர்க்காரர். குவைத்தில் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி, திருவாரூரில் மோட்டார், ஜெனரேட்டர் கடை போட்டிருந்தார். மோட்டார் பம்பு பழுதானால் அந்தப் பக்கத்து விவசாயிகள் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். ஒரு புயலின்போது நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. மருத்துவமனை ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குமே போதவில்லை. எங்கள் உறைகலனில் அத்தனை பேருடைய இரத்தமும் உருகக் காத்திருந்தது. நான் யார் யாருக்கோ ஃபோன் செய்து, கடைசியில் முன்பு எங்களுக்கு ஒரு கம்ப்ரசர் பழுதுபார்த்துத் தந்த இவரைக் கூப்பிட்டேன். வழியெல்லாம் சாய்ந்து கிடந்த தென்னைகளை அறுத்து ஒதுக்கிக்கொண்டு, குட்டியானை வண்டியில் ஒரு ஜெனரேட்டரோடு வந்து சேர்ந்தார். கரண்ட் வரும்வரை பக்கத்திலேயே இருந்து டீசல் ஊற்றினார்.

"இவ்வளவு பாடுபடுறீங்களே, உள்ள என்ன இருக்கு டாக்டர் சார்? ஐஸ்கிரீமா?" என்றார்.

"ரத்தம் பாய். கேன்சர் நோயாளிங்களோடது."

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பச் சொட்டுகூட வீணாகக் கூடாது சார்" என்று எழுந்து போய் டீசல் அளவைப் பார்த்தார். அவர் காப்பாற்றிக் கொடுத்ததில் நான் ஒதுக்கிவைத்த அந்த ஒன்பது குழாய்களும் இருந்தன.

அதற்கு அடுத்த ஆண்டு, குறுவை அறுப்பு நேரத்தில், அவரே ஆய்வகத்துக்கு வந்தார். என்னை எப்போதும் ‘டாக்டர் சார்’ என்றுதான் கூப்பிடுவார். நான் ஒருநாளும் திருத்தியதில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"டாக்டர் சார், ரெண்டு மாசமா வெளிக்குப் போறப்ப ரத்தம் படுது. மூலம்னுதான் நெனைக்கிறேன். நாள் முழுக்கக் கடையில உக்காந்தே கெடக்கேன்ல?"

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"கீழ பெரிய டாக்டருகிட்ட காட்டுனேன். கேமரா விட்டுப் பாக்கணுங்கிறாரு. எது வழியாங்கிறீங்க? பின்னாடி வழியா சார்!" என்று சிரித்தார். "கடைத்தெருவுல எவனுக்காவது தெரிஞ்சா, ‘என்ன பாய், படம் எப்ப ரிலீஸு’ன்னு ஆயுசுக்கும் கேப்பானுங்க."

வாய் சிரித்தது. கை மட்டும் மேசைமேல் இருந்த என் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"உங்க கிட்ட ஏதோ சர்க்கரை டெஸ்ட் இருக்காமே. பேப்பர்லகூட வந்துச்சே. அத எடுத்தாப் போதாதா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதை உங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். நோய் உறுதியானவரைத் தொடர்ந்து கவனிக்க அந்த அளவு உதவலாம். நோய் இல்லை என்று சொல்ல அதைக் கொண்டு முடியாது. ஆரம்ப நிலையில் யாருக்குமே அது உயராமல் இருக்கலாம். மலத்தில் இரத்தம் போகிறதென்றால் குடலை நேரில் பார்த்தே ஆகவேண்டும். இது எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பேப்பரில் வந்த என் டெஸ்ட்டை ஒரு மனிதர் நம்பிக் கேட்கிறார். அவர் எனக்குப் பெரிய உதவி செய்தவர். கைம்மாறு செய்ய வாய்ப்புக் கிடைத்ததென்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அதுக்கென்ன பாய், கைய நீட்டுங்க" என்றேன்.

பூஜ்யம் வந்தது. ஒன்பது முறை பார்த்த அதே பூஜ்யம். ஒரு விநாடி எனக்கு ஞானசெல்வியின் முகம் நினைவுக்கு வந்தது. வந்ததை ஒதுக்கினேன். எங்கள் அறிக்கைத் தாளில் இரண்டே கட்டங்கள்: ‘நார்மல்’, ‘அதிகம்’. முதல் கட்டத்தில் டிக் போட்டு, முத்திரை வைத்து, கையெழுத்திட்டேன்.

"ஜீரோ பாய்! இந்த ஆய்வகத்துல எங்க எல்லாரையும்விட உங்களுக்குத்தான் கம்மி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். மறுநாள் நாகூரிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் நிறைய, இறால் வைத்துப் பொரித்த வாடா வந்தது. மாடியில் எல்லோரும் தின்றோம். கீழ்த்தளத்துக்குக் கொடுத்தனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

அவர் கேமரா சோதனைக்குப் போகவில்லை. எதற்குப் போவார்? டாக்டர் சார் சொல்லிவிட்டாரே.

பத்து மாதம் கழித்துக் குடல் அடைத்துக்கொண்டு, வயிறு ஊதி, அவசரப் பிரிவுக்கு வந்தார். திறந்து பார்த்தபோது ஈரல்வரை பரவியிருந்தது. அன்று மதியம் ஞானசெல்வி மேலே வந்தார். ஐஸ் டப்பா இல்லை. கையில் பழுப்பேறிய ஓர் அட்டை.

"யூசுப் பாயி முன்ன இங்கதான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு சார். அப்ப அவருக்கு ரத்தம் பொருந்தாம சிரமப்பட்டோம். இன்னிக்குப் பொருத்தம் பாக்குறதுக்காகப் பழைய கார்ட எடுத்தேன்."

அட்டையில் சிவப்பு மையில் ஞானசெல்வியின் கையெழுத்து: ‘லூயிஸ் நெகட்டிவ். எதிர்ப்பொருள் உண்டு. கவனம்.’

"நீங்க டெஸ்ட் எடுத்த அன்னிக்கும் இந்தக் கார்டு கீழதான் சார் இருந்துச்சு."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த ஒன்பது பேரில் அப்போது உயிரோடு இருந்தவர்கள் ஆறு பேர். ஞானசெல்வி தானே போய் இரத்தம் எடுத்து வந்தார். ஆறு பேருமே லூயிஸ் நெகட்டிவ். கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டார்கள். கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ தெரியாது. சக விஞ்ஞானி ஒருவர் முதுகில் தட்டி, "விடுங்க சார், தப்புலேர்ந்துதானே அறிவியல் கத்துக்குது" என்றார். அவர் கையைத் தட்டிவிட்டேன். அறிவியல் நன்றாகவே கற்றுக்கொள்ளட்டும். பாடத்துக்கு வேண்டிய உயிரைக் கொடுத்தவரிடம் யாரும் கேட்கவில்லையே.

ஆனால் இதுவரை சொன்னது என் பெரிய குற்றம் இல்லை.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் வார்டுக்குப் போனேன். எப்படியும் சொல்லிவிடுவதென்றுதான் போனேன். யூசுப் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் என் தப்புதான் டாக்டர் சார். நீங்க அன்னிக்கே டெஸ்ட் எடுத்து நல்லாருக்குன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நடுவுலதான் இது வந்திருக்கணும். மறுபடி ரத்தம் பட்டப்பவே ஓடி வந்திருக்க வேணாமா? பயந்துபோயி வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

நடுவில் வரவில்லை, நான் டிக் போட்ட அன்றைக்கே உள்ளே இருந்தது. இந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டியதுதான். "மனசத் தளரவிடாதீங்க பாய்" என்றேன். வெளியே வந்தபோது ஞானசெல்வி வராந்தாவில் நின்றிருந்தார்.

"சொல்லிட்டீங்களா சார்?"

"கொஞ்சம் தேறட்டும்மா."

"அவரு தேறமாட்டாரு சார். அது உங்களுக்கும் தெரியும்."

அவர் தேறவில்லை. மார்கழியில் நாகூரில் அடக்கம் செய்தார்கள். நான் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி ஆய்வகத்துக்கு வந்தார்.

"நான் ஷாஹிதா. யூசுப் நானாவோட தங்கச்சி" என்றார். நாகூர்ப் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். "ஒரத்தநாட்டுல மாட்டு டாக்டரா இருக்கேன். நானாவுக்கு வந்ததால நானும் குடலைப் பாத்துக்கணும்னு இங்க சர்ஜன் சொல்லிட்டாரு. எங்க வீட்டுக்காரருதான் துபாய்லேர்ந்து ஒரே பிடிவாதம். பொம்பளைக்குக் கேமராவெல்லாம் எதுக்கு, மச்சான் எடுத்த அந்த ரத்த டெஸ்ட்ட நீயும் எடு, அவங்க சொன்னா நம்பலாங்கிறாரு. நானா உங்களப் பத்தி அவ்வளவு பெருமையாச் சொல்லி வச்சிருக்காரு."

இரத்தச் சோதனைக்கான சீட்டை என் முன்னால் வைத்தார்.

தப்பிக்க அப்போதும் ஒரு வழி இருந்தது. ‘கேமரா சோதனையே செய்துகொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தது என்னுடைய அந்தப் பச்சை டிக்கை. அதை உடைக்காமல் அவரை அனுப்ப முடியாது. சொன்னேன். ஒன்பது புள்ளிகளிலிருந்து வார்டுவரை எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு அவர் கேட்டார்.

"நானாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"நீங்க சொல்லல."

"சொல்லல."

"கடைசி நாள் வரைக்கும் தன்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தாரு சார். நான் ஒரு பயந்தாங்கொள்ளி, எம் பொண்டாட்டி புள்ளைகளத் தெருவுல விட்டுட்டுப் போறேன்னு அழுதாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அதயாவது நிறுத்தியிருப்பாரு." கண்ணைத் துடைக்கவில்லை. குரல்தான் ஏறியது. "செனையா இல்லையான்னு கேட்டு ஒரு மாட்ட ஓட்டிட்டு வந்தாக்கூட, தோள் வரைக்கும் கைய உள்ள விட்டுப் பாத்துட்டுத்தான் நாங்க வாயத் தொறப்போம். எங்க நானாவ நீங்க தொட்டுக்கூடப் பாக்கல. தாள்ல டிக் போட்டுட்டீங்க."

அவருக்கும் அதே இரத்த வகைதானா என்று பார்த்துவிட எழுந்தேன்.

அவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போனேன். ஞானசெல்வி இரத்தம் எடுத்துப் பார்த்தார். அண்ணனைப் போலவே லூயிஸ் நெகட்டிவ். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் அப்படி அமைவது உண்டு.

"அப்ப எனக்கும் இந்த டெஸ்ட் ஒண்ணும் சொல்லாது" என்றார் ஷாஹிதா.

"சொல்லாதும்மா."

"அத எழுதிக் குடுங்க. நான் வாயால சொன்னா எங்க வீட்டுக்காரரு கேக்கமாட்டாரு. நானாவுக்குக் குடுத்த அதே தாள்ல, அதே சீல் வச்சு எழுதுங்க. அதத்தான் நம்புவாரு."

மேலே போய் அறிக்கைத் தாள் ஒன்றை எடுத்து வந்தேன். இரண்டு கட்டங்களையும் குறுக்கே அடித்தேன். அதன் கீழே கையால் எழுதினேன்: ‘இவருக்குப் புற்று உண்டா இல்லையா என்பது இந்தச் சோதனையால் தெரியாது. எங்களுக்குத் தெரியாது. குடலை நேரில் பார்க்க வேண்டும்.’ முத்திரை வைத்துக் கையெழுத்திட்டேன். ஷாஹிதா இருமுறை படித்தார். அங்கேயே படம் எடுத்துத் துபாய்க்கு அனுப்பினார். அடுத்த வாரம் சோதனை செய்துகொண்டார். என்ன வந்தது என்பது அவருடைய சொந்த விஷயம். ஒரத்தநாட்டில் இன்றும் மாடு பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உங்கள் ஆய்வக அறிக்கையில் இன்னும் அந்த இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். மூன்றாவதாக ‘தெரியாது’ என்று ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். நிர்வாகம் மறுத்தால் என்னைப் போல் பேனாவால் அடித்து எழுதுங்கள். இந்தக் கட்டுரையை உங்கள் துறைத்தலைவி அச்சிடத் தயங்கினால் நகலெடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு ஆண்டுகளில் ‘தெரியாது’ என்று எழுதி நான் கையெழுத்திட்ட ஒரே அறிக்கை அது. எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. யூசுப் பாய் என் எதிரில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அன்று, அந்த இரண்டு நிமிடம் என்னிடம் இருந்தது.